பதினோரு கிண்ணமும் ஒரு குளமும்

வசந்தகாலப் புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இஸ்கந்தர் ஆகா வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தானே ஒரு முடிவெடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை. அதை மனைவியிடம் சொல்லியும் விட்டார். இரண்டில் எது பெரிய வீரம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

தெஹ்ரானுக்குத் தெற்கே, எங்கள் காஷான் ஊரில் ஆண்களுக்கு மரியாதையாக 'ஆகா' சேர்ப்போம், பெண்களுக்குக் 'கானும்'. இஸ்கந்தருக்கு வாழ்க்கையில் வாய்த்த ஒரே ஆகா அதுதான். முப்பது வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர். உலகத்தை வென்ற ராஜாவின் பெயரை அவருடைய அப்பா ஆசையாக வைத்தார். அதே ஊரில் தூரான் என்று ஒரு பெண் பிறக்கப்போகிறாள் என்பது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

முடிவு இதுதான்: கொல்லைப்புறக் குளத்தை மண் போட்டு மூட வேண்டும். மூடிய இடத்தில் காரை நிறுத்த வேண்டும்.

கார் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. சந்தில் மல்பெரி மரத்தடியைத் தவிர அதற்கு வேறு இடமில்லை. கோடையில் மேலே பழம் விழும், மற்ற மாதங்களில் குருவிகள் அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும். தினமும் காலையில் இஸ்கந்தர் வாளியும் துணியுமாகப் போய், பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் காரைக் குளிப்பாட்டுவார். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பின்னால் சொத்தென்று ஒரு சத்தம் கேட்கும். இந்த வருஷம் மல்பெரி பழுப்பதற்குள் கார் வீட்டுக்குள் இருந்தாக வேண்டும் என்று அவர் மனதுக்குள் சத்தியம் செய்திருந்தார்.

கொல்லைக்கு அகலமான கேட் இருந்தது. கேட்டிலிருந்து சுவர் வரை நல்ல நீளமும் இருந்தது. நட்டநடுவில் குளமும் இருந்தது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இடுப்பளவு ஆழம், சுற்றி நீல ஓடு. போன வருஷங்களின் புத்தாண்டு மேசையில் வைத்துவிட்டு அதில் விட்ட சிவப்பு மீன்கள் இருபத்து மூன்று. சந்து வாய்க்காலிலிருந்து தண்ணீரோடு வந்து, வந்த இடமே சொர்க்கம் என்று தங்கிவிட்ட தவளைகள் ஐந்து. ஓட்டோரம் நத்தைகள். நீர்மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சிகள். கோடை வந்தால் தும்பிகள்.

தூரான் சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருவாள். மூத்த மகள் தெஹ்ரானில், இளையவள் தப்ரீசில். இருவரும் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார்கள். தவளைகள் தினமும் பேசின. மகள்கள் போனபின் இந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான். இஸ்கந்தருக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் அவர் டீயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தூரான், நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. நானே."

அவள் புறங்கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

"விளையாடாத. குளத்தை மூடப்போறேன். கார் உள்ள வரணும். இனிமே குருவிக்கு ஊழியம் பார்க்க என்னால ஆகாது."

தூரான் கத்தவில்லை. அழவில்லை. அண்ணனுக்குப் போன் போடவில்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து, டீயை நிதானமாக உறிஞ்சி முடித்தாள்.

"சரி, இஸ்கந்தர் ஜான்."

'ஜான்' என்றால் உயிரே என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது மூன்றே தடவை. முதல் தடவை அவர் மீசையை இழந்தார். இரண்டாவது தடவை சிகரெட்டை. மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டத்தை.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். ஒண்ணே ஒண்ணு. அந்தத் தண்ணியில ஒரு உயிர் இருக்கிறவரைக்கும் ஒரு பிடி மண்ணு விழக்கூடாது. பாவம் நம்ம தலையில வேணாம்."

"எல்லாத்தையும் நல்லபடியா வெளியேத்திட்டா?"

"மூடிக்குங்க. நான் வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"உங்க மேல சத்தியமா."

"என் மேல வேணாம். உங்க அம்மா மேல பண்ணு."

"எங்க அம்மா மேலயே சத்தியம். போதுமா?"

போதும். பெற்ற தாய் மேல் அவள் பொய்ச்சத்தியம் செய்யமாட்டாள் என்பதை இஸ்கந்தர் கடவுளை நம்புவது போல நம்பினார். அன்று மத்தியானம் தூக்கம் வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவருக்குத் திடீரென்று மூளைக்குள் விளக்கெரிந்தது. மூன்று வாரத்தில் புத்தாண்டு! வீட்டுக்கு வீடு மேசை போடுவார்கள். முளைகட்டிய கோதுமை, பூண்டு, ஆப்பிள், கண்ணாடி எல்லாவற்றுக்கும் நடுவே சிவப்பு மீன் நீந்த வேண்டும். மீனில்லாத மேசை, மாப்பிள்ளை வராத கல்யாணம். அந்த மீனுக்காக ஊரே கடைவீதியில் அலையும். இந்தச் சந்தில் மட்டும் பதினோரு வீடு. வீட்டுக்கு இரண்டு மீன், புத்தாண்டுப் பரிசு. குளமும் காலி, பேரும் புகழும்.

தனக்கு இவ்வளவு மூளை இருந்தும் தபாலாபீசில் ஏன் பதவி உயர்வு தரவில்லை என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

"எதுல கொண்டுபோய்க் குடுப்பீங்க?" என்றாள் தூரான்.

"பிளாஸ்டிக் பையில."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புத்தாண்டும் அதுவுமா பிளாஸ்டிக் பையிலயா? தூரான் வீட்டுல கிண்ணத்துக்குப் பஞ்சம்னு எதிர்வீட்டுப் பரிவஷ் சந்து முழுக்கப் பேசுவா."

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அவளுடைய சீர்வரிசையில் வந்த நீலப்பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணங்கள் அங்கே இருந்தன. முதலில் பன்னிரண்டு. ஒன்றை இஸ்கந்தரின் தங்கை உடைத்துவிட்டாள். உடைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது, இன்னும் அந்தத் தங்கைக்கு இந்த வீட்டில் எவர்சில்வர் டம்ளரில்தான் தண்ணீர். இஸ்கந்தருக்கே அந்தக் கிண்ணத்தில் ஒரு கரண்டிப் பாயசம் கிடைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட பதினோரு கிண்ணத்தையும் அவளே துடைத்து வரிசையாக எடுத்துவைத்தாள்.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுக்குச் சந்தேகம் வராது.

எதிர்வீட்டுப் பரிவஷ் கானும்தான் முதல் போணி. புருஷனை இழந்து தனியாக இருப்பவள். சந்தில் ஒரு தும்மல் கேட்டால் யாருடைய மூக்கு என்று சொல்லிவிடுவாள்.

"இஸ்கந்தர் ஆகா! உங்க கை நோகாம இருக்கணும்! இதெல்லாம் எதுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம் கானும். உங்க தகுதிக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ரெண்டு மீன்."

"மீனா இது? ரெண்டு மாணிக்கம்! இதுக்கு நாங்க என்ன திருப்பிச் செய்வோம்?"

"ஒண்ணும் வேணாம். எங்களுது எல்லாம் உங்களுதுதான்."

இரண்டு நாளில் பதினோரு வீடும் முடிந்தது. இருபத்து மூன்றாவது மீன் கிழடு, கொழுத்தது, முகத்தில் மேலதிகாரிக் களை. அதையும் மருந்துக்கடை ரஸீன் ஆகாவின் கிண்ணத்தில் மூன்றாவதாகத் திணித்தார். ரஸீன் அதை உற்றுப் பார்த்து, "இதுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கும்போல இருக்கே" என்றார்.

அடுத்தது தவளை. தவளையை யாருக்கும் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்க முடியாது. வாய்க்காலில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அவர் கைகழுவி வருவதற்குள் அவை தண்ணீர் வரும் வழியாகவே திரும்பிவந்து ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. கடைசியில் அரிசி வடிக்கும் சல்லடையால் ஐந்தையும் பிடித்து, வீட்டு வாளியில் போட்டு, துணியால் மூடி, கம்சரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பியின் ரோஜாத் தோட்டத்துக்குக் காரில் கிளம்பினார்.

பாதி வழியில் ஒன்று வெளியே குதித்து, ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டது. இவர் அதைப் பிடிக்கக் கார் கோலம் போட்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார்.

"லைசென்ஸ் எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்தார். தவளையைப் பார்த்தார்.

"இது உங்க லைசென்ஸா, அவரோடதா?"

"என்னோடதுதான் சார். அவர் சும்மா கூட வர்றார்."

"அவரைப் பின்சீட்டுல உட்கார வைங்க. முன்சீட்டுன்னா பெல்ட் போடணும்."

நத்தைகளுக்கு இரண்டு நாள் ஆனது. விரலால் தொட அருவருப்பாக இருந்ததால், சர்க்கரைக் கட்டி எடுக்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தூரான் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் மட்டும் டீயைச் சர்க்கரையில்லாமல் குடித்தாள்.

கடைசியில், புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சோதனை. தூரான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தாள்.

"அதோ ஒண்ணு ஓடுது."

"அது தண்ணிமேல ஓடுது. தண்ணியில ஓடல."

"கால் தண்ணியிலதான இருக்கு?"

நீர்மேல் ஓடும் பூச்சிகளைத் துண்டு வீசி விரட்டினார். பறந்துபோயின. தூரான் கண்ணாடியைக் கழற்றினாள். "சரி, ஒண்ணுமில்ல" என்றாள். குரல் என்னவோ போலிருந்தது. இஸ்கந்தர் அதைக் கவனிக்காததுபோல வேட்டைக்குப் போய்வந்த ராஜா மாதிரி நின்றார்.

அன்றே கொத்தனார் ஹைபத்தைப் போனில் கூப்பிட்டார்.

"ஒரு லோடு மண்ணு. அரை நாள் வேலை. நாளைக்கு வா."

"நாளைக்கா? பண்டிகை வருது ஆகா. பதிமூணு நாளும் மண்வெட்டியை நான் தொடமாட்டேன், நான் தொட்டாலும் என் பொண்டாட்டி விடமாட்டா. பதினாலாம் நாள் காலையில முதல் வேலை உங்களுதுதான்."

ஊர் வழக்கம் அது. யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். இஸ்கந்தர் ஒத்துக்கொண்டார்.

"அதுவரைக்கும் தண்ணியை வடிச்சுடவா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நாலு பேர் வந்துபோற நாள்ல குளம் வறண்டு கிடந்தா வீட்டுக்கு ஆகாது. தண்ணி பாட்டுக்கு இருக்கட்டும். நான்தான் வாயே திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே."

புத்தாண்டு பிறந்தது. பதிமூன்று நாளும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவதுதான் வேலை. இஸ்கந்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு, தூரானோடு பதினோரு வீட்டுக்கும் போனார். போன வீட்டில் எல்லாம் மேசை நடுவில் அவருடைய மீன், தூரானுடைய நீலக் கிண்ணத்தில். போன வீட்டில் எல்லாம் புகழ்ச்சி.

"கடைமீன் எல்லாம் மூணாம் நாளே மேலே மிதந்துடும். உங்க மீனைப் பாருங்க, குதிரை மாதிரி ஓடுது!"

"எல்லாம் உங்க கைராசி."

"எங்க கைராசியா? உங்க குளத்து ராசி!"

"எங்க குளமா? உங்க குளம்னு சொல்லுங்க! உங்க வீடு, உங்க குளம். எப்ப வேணாலும் வாங்க. உங்க காலடி எங்க கண்மேல."

இப்படியெல்லாம் சொல்வது எங்கள் ஊர்ப் பண்பாடு. சட்டை நல்லாயிருக்கு என்றால், கழற்றித் தரட்டுமா என்று கேட்க வேண்டும். யாரும் நிஜமாகக் கழற்றச் சொல்வதில்லை. அந்தத் தைரியத்தில் இஸ்கந்தர் பதினோரு வீட்டிலும் பதினோரு தடவை குளத்தை எழுதிக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைகளைத்தான் கம்சருக்கு அனுப்பிவிட்டார், அவற்றின் வாயை இங்கேயே வைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூரான் பிஸ்தாவை உடைத்து உடைத்துத் தின்றாள். அவர் ஒவ்வொரு தடவை 'உங்க குளம்' என்றபோதும் மெல்லத் தலையை ஆட்டினாள்.

ஒன்றை மட்டும் இஸ்கந்தர் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் டீயோடு கொல்லையில் போய் உட்கார்ந்தால் அவருக்கே பிடிக்கவில்லை. தண்ணீர் சும்மா கிடந்தது. ஒரு துள்ளல் இல்லை, ஒரு 'டொளக்' இல்லை. ரொட்டித் துணுக்கைப் பழக்கதோஷத்தில் வீசிவிட்டு, அது ஊறி அடியில் போய் உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனோ தபாலாபீசில் கடைசி நாள் மேசையைக் காலி செய்தது ஞாபகம் வந்தது. கார் வந்து நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பதிமூன்றாம் நாள் வீட்டில் இருப்பது ஆகாது என்று ஊரே சோறும் டீ போடும் சமோவாருமாக ஆற்றங்கரைக்குப் போனது. மேசையில் வளர்ந்த கோதுமை முளையை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். அத்தோடு பண்டிகை முடிந்தது. மேசையைக் கலைக்க வேண்டியதுதான் பாக்கி.

பதினாலாம் நாள் காலை ஏழு மணி. வாசல் மணி அடித்தது. கொத்தனார் இவ்வளவு சுறுசுறுப்பா என்று இஸ்கந்தர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

பரிவஷ் கானும். கையில் நீலக் கிண்ணம்.

"தூரானோட சீர்க்கிண்ணம். பத்திரமாத் திருப்பித் தரணும்ல? நேத்தெல்லாம் எனக்கு அதே கவலை."

"அதுக்கென்ன அவசரம் கானும்... " என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தைப் பார்த்தார். உள்ளே மீன் இருந்தது. இரண்டில்லை. ஐந்து.

"இது...?"

"உங்க மீன் ரெண்டு. மத்தது என் தங்கச்சி வீட்டு மேசை மீன். வெறும் கிண்ணத்தை எப்படிங்க திருப்பித் தர்றது? எங்க அம்மா என்னை அப்படியா வளர்த்தாங்க?"

அந்தக் கணத்தில்தான் இஸ்கந்தருக்கு உறைத்தது. இந்த ஊரில் எந்த வீட்டுப் பாத்திரமும் வெறும் பாத்திரமாகத் திரும்பாது. பாயசம் கொடுத்த கிண்ணத்தில் கல்கண்டு வரும், கூழ் கொடுத்த சட்டியில் பழம் வரும். மீன் கொடுத்த கிண்ணத்தில் என்ன வரும்? பிளாஸ்டிக் பையென்றால் யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பிளாஸ்டிக் பை! அவர் முதலில் கேட்டது அதைத்தானே!

ஆனாலும் போராடிப் பார்த்தார்.

"கானும், குடுத்தது குடுத்ததுதான். இது உங்க மீன். நான் எப்படி வாங்கறது?"

"எங்க மீன்தான்! யாரு இல்லேன்னா? எங்க மீனை எங்க குளத்துல விடறேன். நீங்கதானே சொன்னீங்க, உங்க குளம்னு?"

"சொன்னேன்... ஆனா உங்க மேசையில மீன் இருந்தாத்தானே வீட்டுக்கு அழகு?"

"மேசையைக் கலைச்சாச்சு ஆகா. சின்னக் கிண்ணத்துல எத்தனை நாள் தாங்கும்? ஆத்துல விட்டா கொக்கு தின்னுடும். உங்ககிட்ட அமானத்தா விட்டுட்டுப் போறேன். நீங்க பார்த்துக்குவீங்கங்கற நம்பிக்கைதான்."

அமானத். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் இஸ்கந்தரின் கை தானாகக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டது. தன் மீன்மேல் ஒருவன் மண்ணைப் போடலாம். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள்மேல் மண்ணைப் போட்டவனுக்கு இங்கேயும் இடமில்லை, மேலேயும் இடமில்லை. வருஷக்கணக்காகத் தனக்குச் சொந்தமாக இருந்த மீனை ஊருக்குத் தானம் செய்து, ஊர் மீனாக்கி, தன் குளத்திலேயே காவல் காக்க வாங்கிக்கொண்டிருந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான்.

"உங்க காலடி எங்க கண்மேல" என்றார். வேறு என்ன சொல்வது? வாய்க்கு அதுதான் பழக்கம்.

அதற்குள் பரிவஷின் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொரு கையிலும் ஒரு நீலக் கிண்ணம். ஒருவர் நான்கு மீன், ஒருவர் ஆறு. ரஸீன் ஆகா கிழட்டு மீனோடு உள்ளங்கையளவு ஆமை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். "மருமக வாங்கினது. என்னை முறைச்சு முறைச்சுப் பார்க்குது. உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி." எட்டரை மணிக்குக் கம்சரிலிருந்து தம்பியின் வண்டி வந்தது. வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தானாம். வாளி நிறையப் புதினா. ஆஹா, இவன் ஒருத்தனாவது என்று இஸ்கந்தர் நெகிழ்ந்துபோய்ப் புதினாவை விலக்கினார். அடியிலிருந்து பத்துக் கண்கள் அவரைப் பார்த்தன.

"ராவெல்லாம் கத்துது அண்ணே. எங்க வீட்டுக்காரி தூங்கி ரெண்டு வாரமாச்சு. சும்மா கொண்டுவரக் கூடாதேன்னு புதினா வெச்சேன்."

வந்தவர்கள் யாரும் உடனே போகவில்லை. வாசலோடு அனுப்பினால் மரியாதையா? எல்லோரும் கொல்லைக்கு வந்து, குளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தூரான் பெரிய சமோவாரை ஏற்றி, தட்டுத் தட்டாக டீ கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னவள் ஆயிற்றே. டீயை வைத்தாள், சிரித்தாள், கிண்ணங்களை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து உள்ளே கொண்டுபோனாள். பதினொன்றும் சரியாக இருந்தன.

ஒன்பது மணிக்குக் கேட்டில் லாரி சத்தம். கொத்தனார் ஹைபத் உள்ளே வந்தான். வலது கையில் மண்வெட்டி. இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் இரண்டு சிவப்பு மீன்.

"நம்ம வீட்டு மீன் ஆகா. உங்க குளம் எல்லாருக்கும் பொதுன்னு ஊரே சொல்லுது. வேலைக்கு வர்ற வழிதானேன்னு..." பேசிக்கொண்டே குளத்தை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். தண்ணீரே தெரியவில்லை. சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நடுவே ஆமை வழி கேட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்கு ஹைபத்தை வரச்சொன்னீங்க ஆகா?" என்றாள் பரிவஷ் கானும். "லாரியில மண்ணு வேற வந்திருக்கே?"

பதினோரு வீட்டு ஜனமும் டீக்கோப்பையைக் கையில் பிடித்தபடி இஸ்கந்தரைப் பார்த்தது. ஹைபத் வாயைத் திறக்கப் போனான். தூரான் தட்டோடு வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது மேகத்தில் என்னவோ முக்கியமான வேலை இருந்தது.

இஸ்கந்தர் தொண்டையைச் செருமினார். 'உங்கள் மீனையெல்லாம் உயிரோடு புதைக்கத்தான்' என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்?

"குளத்தை... அகலப்படுத்தத்தான்" என்றார். "இவ்வளவு பேர் நம்பி விட்டிருக்கீங்க. இடம் பத்தலையே. மண்ணு... கரையை உயர்த்த."

"அப்படிப் போடுங்க!" என்று ரஸீன் ஆகா தொடையில் தட்டினார். "மனுஷன்னா இவர் மனுஷன்!" பரிவஷ் கானுமுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தம்பி அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான்.

ஹைபத் தலையைச் சொறிந்தான். "போன்ல வேற மாதிரி..."

"போன்ல சரியாக் கேட்டிருக்காது."

"சரி ஆகா. ஆனா மத்த மூணு பக்கமும் நாலு பேர் உட்கார இடம் வேணும். நீட்டறதுன்னா கேட்டுப் பக்கம்தான் நீட்டணும். அப்புறம் கார் கீர் உள்ள வராது."

"வரவேணாம்" என்றார் இஸ்கந்தர்.

சாயங்காலத்துக்குள் குளம் கேட்டுவரை வந்துவிட்டது. ஊர் கலைந்தது. இஸ்கந்தர் புதுக்கரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து வீசினார். இத்தனை வாயும் ஒரே நேரத்தில் மேலே வந்தன. ஒரு தவளை 'டொளக்' என்று குதித்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், அவருக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கொழுத்த கிழட்டு மீனைத் தனியாகத் தேடிப் பார்த்து, அதற்கு மட்டும் ஒரு துணுக்கு அதிகம் போட்டார்.

ஆனால் கார்? சந்தில் மரத்தடியில் அது மாலைவரை கேட்பாரற்று நின்றது. மல்பெரிக் கிளையில் துளிர் விட்டிருந்தது. மனது கேட்காமல் வாளியும் துணியுமாக வெளியே போனவர், மரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டார்.

காரைக் காணவில்லை. அதன் இடத்தில் உச்சிமுதல் சக்கரம்வரை பூப்போட்ட துணி போர்த்தி, வீட்டில் போர்த்திக்கொள்ளும் சாதரோடு கடைக்குக் கிளம்பிய குண்டு மாமி மாதிரி ஒன்று நின்றது. தொட்டுப் பார்த்தார். கார்தான். அளவெடுத்துத் தைத்த உறை. பக்கக் கண்ணாடிகளுக்குக்கூடத் தனித்தனிக் காது. ஓரம் முழுக்க நாடா, இரட்டைத் தையல். குருவி ஒன்று மேலே வந்து உட்கார்ந்து, தன் கடமையைச் செய்துவிட்டுப் போனது. கார்மேல் ஒரு சொட்டுப் படவில்லை.

திரும்பிப் பார்த்தார். தூரான் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"இது ஒரு நாள்ல தைக்கிற வேலை இல்லையே. எப்ப ஆரம்பிச்ச?"

காலையிலிருந்து திறக்காத வாயை அவள் அப்போதுதான் திறந்தாள்.

"நீங்க பிளாஸ்டிக் பைன்னு சொன்னீங்களே, அன்னிக்கே துணி எடுத்துட்டேன், இஸ்கந்தர் ஜான்."